லோதார் பார்க்காத ஆட்டங்கள்

எங்கள் கன்கார்டியா கால்பந்து கிளப்பின் மேல் லோதார் பியெட்ரெக்குக்கு இருக்கும் பித்து வேறு யாருக்கும் கிடையாது. அதே லோதார் இருபத்திரண்டு வருடமாக எங்கள் ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்த்ததும் கிடையாது. இரண்டுமே உண்மை. மைதானத்து வாசலில் சாசேஜ் சுட்டு விற்கிறவள் நான். ரெனாட்டெ என்றால் எங்கள் ஊர் ஹாசல்புரூக்கில் எல்லோருக்கும் தெரியும். என் அடுப்பிலிருந்து பார்த்தால் இரண்டு கோலும் தெரியும், பெஞ்சில் யார் யாரை முறைக்கிறார்கள் என்பதும் தெரியும்.

இந்த நாட்டுக் கால்பந்தில் மேலிருந்து எண்ணினால் நாங்கள் ஒன்பதாவது படி. அதற்குக் கீழேயும் படிகள் இருக்கின்றன, ஆனால் அங்கே போனவர்கள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. லோதார் சுரங்கம் மூடும்வரை நிலக்கரி வெட்டினான். வாரக்கடைசியில் எங்களுக்காக வலது தடுப்பில் நின்றான். நன்றாக ஓடுவான், பந்து இருக்கும் பக்கம் மட்டும் ஓடமாட்டான்.

அவன் நடுவரானது இப்படி. ஒவ்வொரு கிளப்பும் கால்பந்துச் சங்கத்துக்கு ஒரு நடுவரையாவது கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பருவத்தில் மூன்று புள்ளி வெட்டு. எங்கள் பழைய நடுவர் இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டார். வருடக் கூட்டத்தில் தலைவர் ஆர்னோ, "யார் வர்றீங்க?" என்று கேட்டதும் நாற்பது பேரும் பீர் நுரையை ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்தோம். அந்த நேரம் பார்த்து லோதார் எழுந்து கழிப்பறைக்குப் போனான். வருடக் கூட்டத்தில் எவ்வளவு முட்டினாலும் எழுந்து போகக்கூடாது என்பது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். அவன் திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டினோம்.

"என்னத்துக்கு இப்ப கைதட்டல்?"

"ஏகமனதா தேர்ந்தெடுத்துட்டோம், லோதார்," என்றான் ஆர்னோ.

"எதுக்குடா?"

"முதல்ல உட்காரு. பீர் குடி."

நடுவர் தன் சொந்த கிளப்பின் ஆட்டத்தை நடத்தக்கூடாது என்பது விதி. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நாங்கள் ஆடும்போது எல்லா ஊரிலும் ஆடுகிறார்கள். ஆகவே எங்களுக்கு மூன்று புள்ளி மிஞ்ச வேண்டும் என்பதற்காக, லோதார் வாராவாரம் எங்கேயோ ஒரு மைதானத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் திட்டு வாங்கினான். கண்டிப்பான நடுவர். ஒருமுறை தன் மைத்துனனுக்கே சிவப்பு அட்டை காட்டிவிட்டு, அந்த வருடக் கிறிஸ்துமஸ் வாத்தை அடுப்பங்கரையில் தனியாக உட்கார்ந்து தின்றான்.

ஆறு மணிக்கு கிளப் கூடத்துக்கு வருவான். காலணியில் வேற்றூர்ச் சகதி இருக்கும். பையை வைப்பான், பீரை வாங்குவான், "சரி, எப்படி ஆடினோம்?" என்பான்.

முதல் வருடம் உள்ளதைச் சொன்னோம். அவன் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. அப்புறம் கொஞ்சம் தேன் தடவினோம். நாலுக்குப் பூச்சியம் என்று தோற்றால், நாலும் காற்றடித்து உள்ளே போன கோல் ஆயிற்று. வலது ஓரமாக ஏழெட்டு பாஸ் கோத்துக்கொண்டு போகிற ஒரு ஆட்டமுறை எங்களுக்கு இருப்பதாக யாரோ ஆரம்பித்தார்கள், வருடக்கணக்கில் அதை வளர்த்தோம். அதிகமாக வளர்த்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். சாசேஜுக்குத் தொட்டுக்கொள்ளும் கடுகு டப்பாக்களை ஆட்டக்காரர்களாக வைத்து மேசை மேல் நகர்த்திக் காட்டுவேன். அவன் கண் மின்னும். உண்மையில் எங்கள் வலது ஓரத்தில் புல்லைத் தவிர ஒன்றும் நடப்பதில்லை.

இந்த வருடம் அவனுக்கு எழுபது முடிந்தது. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம். "ஒரே ஒரு ஆட்டம். கண்ணால பாக்கணும்," என்றான்.

அதில் ஒரு சிக்கல். வருடத்துக்குப் பதினைந்து ஆட்டமாவது நடத்தினால்தான் சங்கம் ஒருவரைக் கிளப்பின் நடுவர் என்று கணக்கில் சேர்க்கும். குளிர்காலத்தில் முழங்கால் அறுவை நடந்ததில் லோதார் பதினாலில் நின்றான். பருவத்தின் கடைசி ஞாயிறு அவனுக்கு வழி பிறந்தது. பக்கத்து ஊரில் பதினொரு மணிக்கு, கிளப்புகளின் மூன்றாம் அணிகள் மோதும் ஒரு ஆட்டம், அது பதினைந்தாவது. மூன்று மணிக்கு எங்கள் மைதானத்தில் கெர்ஸ்டன்பெர்க் அணியோடு எங்கள் கடைசி ஆட்டம். சமன் செய்தால் போதும், தப்பிப்போம். தோற்றால் கீழே.

கூடத்தில் எல்லோருக்கும் ஒரே கவலை. கீழே இறங்குவதை நினைத்து இல்லை, லோதார் பார்க்கப் போகிறானே என்றுதான்.

"மழை கொட்டி மைதானம் மூடணும்னு வேண்டிக்குங்க," என்றான் ஆர்னோ.

"நாம நல்லா ஆடிட்டா?" என்று கேட்டான் கேப்டன் யால்ச்சின். வார நாளில் குப்பை லாரி ஓட்டுகிறவன், ஆடுவதும் அதே வேகத்தில்தான்.

ஆர்னோ ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தான். "மழைக்கே வேண்டிக்கலாம்."

மழை வரவில்லை. ஒரு மணிக்கே லோதார் வந்துவிட்டான், முகம் தொங்கிப்போய்.

"ஆட்டம் நடக்கல, ரெனாட்டெ. எதிரணியில ஆறு பேருதான் வந்தானுங்க. ஏழு இல்லாம தொடங்க முடியாது. மிச்சப் பேரெல்லாம் நேத்து ஒரு கல்யாணத்துல விழுந்து கெடக்குறானுங்களாம்."

பதினாலு பதினாலாகவே நின்றது. மூன்று புள்ளி போனது போனதுதான். ஒரு சாசேஜில் கறித்தூளை இரட்டிப்பாகத் தூவிக் கொடுத்து, என் அடுப்பருகே நாற்காலி போட்டேன். "விடு. இதையாவது பாரு," என்றேன்.

இரண்டரைக்கு ஆர்னோ ஓடிவந்தான். நெடுஞ்சாலையில் பாலத்தை மூடிவிட்டார்களாம், எங்கள் நடுவர் அதற்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாராம். இப்படி நேர்ந்தால் இரண்டு அணியும் ஒப்புக்கொண்டு, வந்திருப்பவர்களில் ஒரு நடுவரை வைத்துக்கொள்ளலாம், சொந்த கிளப் ஆளாக இருந்தாலும் சரி. வந்திருந்தவர்களில் நடுவர் ஒருவன்தான் இருந்தான். அவன் வாயில் சாசேஜ் இருந்தது.

கெர்ஸ்டன்பெர்க் பயிற்சியாளர் ஹொல்கர் லோதாரை மேலும் கீழும் பார்த்தான். "மச்சானுக்கே சிவப்பு காட்டின ஆளா? எனக்குச் சம்மதம்."

லோதார் நாற்காலியை ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு பையைத் திறந்து விசிலை எடுத்தான்.

ஆக, ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்டவன், நட்ட நடு மைதானத்தில் நின்று பார்த்தான். எங்கள் கோல்கீப்பர் காற்றை உதைத்ததை மூன்றடி தூரத்திலிருந்து பார்த்தான். எங்கள் ஆட்கள் இருவர் ஒருவரோடொருவர் மோதி விழுந்ததற்கு விசில் ஊதலாமா என்று அவனே குழம்பினான். இடைவேளைக்கு முன் லோதார் யால்ச்சினுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே, "அந்த வலது ஓரத்து ஆட்டம் எப்ப வரும்?" என்று கேட்டானாம்.

"இரண்டாவது பாதியில," என்றானாம் யால்ச்சின்.

இரண்டாவது பாதியிலும் வரவில்லை. ஆனால் எப்படியோ ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. இன்னும் இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தால் தப்பித்தோம். அப்போது அவர்களுடைய ஆள் எங்கள் கோல் முன்னால் திரும்பினான், யால்ச்சின் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தான். மறைவாகத்தான் செய்தான். ஹொல்கரே கவனிக்கவில்லை. லோதாருக்கு மட்டும் தெரிந்தது.

அவன் உடனே ஊதவில்லை. ஒரு மூச்சு நேரம் யால்ச்சினைப் பார்த்தான். பிறகு ஊதினான், கையை நீட்டிப் பெனால்டி என்று காட்டினான்.

நான் என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத முடியாது. சாசேஜ் புரட்டும் இடுக்கியை வேலிக்கு அப்பால் எறிந்தேன் என்பது மட்டும் உண்மை. இருபத்திரண்டு வருடமாக எங்களுக்காக அலைந்தவன் என்பது அந்த நிமிடம் எனக்கு நினைவில்லை. பந்து உள்ளே போயிற்று. நாங்கள் பத்தாவது படிக்கு இறங்கினோம், இதையும் சேர்த்து லோதாருக்குப் பதினைந்து ஆட்டம் நிறைந்தது. ஆகவே அந்தப் பத்தாவது படியில் எங்களுக்கு ஒரு புள்ளிகூட வெட்டு இல்லை.

எல்லோரும் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். ஆறு மணிக்குக் கதவு திறந்தது. லோதார் வந்தான். இந்தத் தடவை காலணியில் எங்கள் சகதி. பையை வைத்தான், பீரை வாங்கினான், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான்.

"சரி," என்றான். "எப்படி ஆடினோம்?"

தானே நின்று பார்த்த ஆட்டத்தைப் பற்றியும் அதையே கேட்கிறான். நாங்கள் சொன்னதில் ஒன்றையும் இவன் ஒருநாளும் நம்பியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அடுப்புப் புகை என்று சொல்லக்கூட அங்கே அடுப்பு இல்லை.

யால்ச்சின்தான் எழுந்தான். கடுகு டப்பாக்களை இழுத்து லோதார் முன்னால் வைத்தான்.

"பிரமாதமா ஆடினோம், லோதார். வலது ஓரமா எட்டு பாஸ், பாரு, இப்படி. கடைசியில நடுவர் கெடுத்துட்டான்."

"யாரு நடுவர்?"

"யாரோ கிழவன். கண்ணு தெரியாத கழுதை."

லோதார் ஒரு வாய் குடித்துவிட்டு டப்பாக்களைப் பார்த்தான்.

"அவனை எனக்குத் தெரியும்," என்றான். "நீ அந்த எட்டு பாஸை மறுபடி காட்டு."