பிளாக்ஸ் விதையும் உப்புச் சாக்கும்

அப்பாவுக்குப் பூச்செடி வளர்க்கத் தெரியாது. தெரியும் என்று சொல்லித்தான் அந்த வேலையில் சேர்ந்தார்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம் அது. வெளியூர்களிலிருந்து இன்ஜினியர்கள் குடும்பத்தோடு வந்து குடியேறியிருந்தார்கள். அவர்களுக்குக் கட்டிய வீடுகளைச் சுற்றி உடைமரமும் வெறும் மணலும்தான் இருந்தன. அப்பா உப்பளத்தில் உப்பு வாருகிறவர். ஐப்பசி மழை விழுந்ததும் அளத்தை மூடிவிடுவார்கள். தை பிறந்து வெயில் ஏறினால்தான் மறுபடி வேலை. அந்த மழைக் காலத்தில் கிடைத்த வேலைக்கெல்லாம் போவார். அந்த வருடம் ஆஸ்பத்திரியில் கண்ணைப் பார்த்த டாக்டர், உப்பின் மேல் அடிக்கிற வெயில்தான் கண்ணைக் கெடுக்கிறது, இன்னும் இரண்டு வருடம் அளத்துக்குப் போனால் பார்வை நிற்காது என்று சொல்லிவிட்டார். அப்பா இதைப் பக்கத்து வீட்டு விஷயம்போலத்தான் வந்து சொன்னார். அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுக் குழலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

ஒரு இன்ஜினியர் வீட்டில் தோட்டத்துக்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு அப்பா போய் நின்றார். அந்த வீட்டு அம்மா பெங்களூர்ப் பக்கத்துக்காரர். பூச்செடி எல்லாம் பழக்கம் உண்டா என்று கேட்டதற்கு, உண்டு என்றார் அப்பா. எங்கள் வீட்டில் வளர்ந்தவை ஒரு முருங்கையும் ஒரு சுரைக்கொடியும். இரண்டும் யாரையும் கேட்காமல் தாமாக வளர்ந்தவை.

அந்த அம்மா ஊரிலிருந்து ஒரு விதைப் பொட்டலம் கொண்டுவந்திருந்தார். பிளாக்ஸ் என்று பெயர். உறையில் சிவப்பும் ரோஸும் வெள்ளையுமாகப் படம் போட்டிருந்தது. பாதி விதையை எடுத்து அப்பாவிடம் கொடுத்து, தட்டையான மண்தொட்டிகளில் விதைத்துத் தாழ்வாரத்தில் மழை படாமல் வைக்கச் சொன்னார். இந்த விதைக்கு வெளிச்சம் ஆகாது, இருட்டில்தான் முளைக்கும், அதனால் முளை தெரியும்வரை ஈரச்சாக்கு போட்டு மூடி வைக்க வேண்டும் என்றும் சொன்னார். தை மாதம் பூத்துவிட்டால் அப்பாவையே தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் வேறு ஆள். அளம் திறப்பதும் தை மாதம்தான்.

அன்று மத்தியானம் அப்பா வீட்டுக்கு வந்து, "ஏலே, வாசல்ல தொங்குத சாக்கை எடுத்துட்டு வா. நல்லா தட்டி உதறிக்கோ" என்றார். சாரல் அடிக்காமல் இருக்க நாங்கள் வாசலில் கட்டியிருந்த சாக்கு அது. அளத்திலிருந்து வந்தது. எங்கள் ஊரில் உப்பு படாத சாக்கு வேண்டுமென்றால் தேடித்தான் பிடிக்க வேண்டும். நான் அதைத் துவைகல்லில் அடித்தேன். வெள்ளையாகத் தூசி பறந்தது. எனக்கும் சந்தேகம் வரவில்லை, அப்பாவுக்கும் வரவில்லை. பிறந்ததிலிருந்து உப்போடு கிடப்பவர்களுக்கு உப்பு கண்ணில் படுவதே இல்லை.

பத்து நாள் காலையும் மாலையும் அந்தச் சாக்கின் மேல் தண்ணீர் தெளித்தார். ஒன்றும் முளைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. நான் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனபோது, தொட்டிகளுக்கு முன்னால் அப்பா குந்தியிருந்தார். அந்த அம்மா பக்கத்தில் நின்றார். சாக்கை எடுத்துப் போட்டிருந்தது. மண் காய்ந்த இடத்தில் மேலே லேசாக வெள்ளை பூத்திருந்தது. அப்பா ஒரு விரலால் மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தார். அளத்தில் தண்ணீர் பதமாகிவிட்டதா என்று பார்க்க அப்படித்தான் செய்வார். வைத்த விரலை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"உப்பும்மா" என்றார். "சாக்கு உப்புச் சாக்கு."

"நீங்க உப்பளத்துல இருந்தவர்தானே? உங்களுக்குத் தெரியாதா?" என்று அந்த அம்மா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

அப்பா வாசல் பக்கம் திரும்பினார். நான் நின்றேன்.

"இந்தப் பய கொண்டாந்து போட்டுட்டாம்மா. நல்ல சாக்கா பாத்து எடுத்துட்டு வாலேன்னுதான் சொல்லிவிட்டேன்." எழுந்து வந்து என் கன்னத்தில் ஒரு அறை விட்டார். "அறிவு இருக்காலே ஒனக்கு?"

வலி அதிகமில்லை. சத்தம்தான் பெரிது. நீங்கதானே அந்தச் சாக்கை எடுத்துட்டு வரச் சொன்னீங்க என்பது தொண்டை வரை வந்தது. வேற்று மனிதர் முன்னால் எனக்கு அப்போதும் வாய் வராது, இப்போதும் வராது. தோட்டக்காரன் செய்த தப்பு என்றால் அவன் அளத்துக்குத் திரும்ப வேண்டும், பிள்ளை செய்த தப்பு என்றால் ஒரு அறையோடு முடிந்துவிடும் என்பதெல்லாம் எனக்கு அன்று எங்கே தெரியும்?

"சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும், விடுங்க" என்றார் அந்த அம்மா. உள்ளே போய் மீதிப் பாதி விதையையும் எனக்கு இரண்டு பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். பிஸ்கட்டை வழியில் ஒரு நாய்க்குப் போட்டேன். கொஞ்ச தூரம் போனபிறகு ஒன்றையாவது தின்றிருக்கலாம் என்று தோன்றியது.

ராத்திரி சாப்பாட்டில் அம்மா பிடித்துக்கொண்டாள். "சாக்கை எடுக்கச் சொன்னது நீங்க. பிள்ளையப் போட்டு எதுக்கு அடிச்சிய?" அப்பா தட்டைப் பார்த்தபடி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். அம்மா சட்டியைத் தூக்கி டொக்கென்று அவர் முன்னால் வைத்தாள்.

மறுதரம் அப்பா தொட்டிகளைத் தேய்த்துக் கழுவினார். தேரி மணல்மேட்டிலிருந்து செம்மண் வரவழைத்து, ஆற்று வண்டலும் கலந்து நிரப்பினார். சாக்குக்குப் பதில் புதுப் பனையோலைப் பாயை நனைத்து மூடினார். எட்டாம் நாள் முளை தெரிந்தது என்று அம்மாவிடம் சொன்னபோது, நான் கேட்காததுபோல் பாடப் புத்தகத்தைப் புரட்டினேன். நாலு இலை விட்டதும் பாத்தியில் பிடுங்கி நட்டார். பக்கக் கிளை விடுவதற்காக நுனியைக் கிள்ள வேண்டும் என்று அந்த அம்மா சொன்ன அன்று வீட்டுக்கு வந்து புலம்பினார். "இம்புட்டுப் பாடுபட்டு வந்திருக்கு. அதைப் போய்க் கிள்ளச் சொல்லுதாங்க. எனக்குக் கை வரல." அம்மாதான் வேகமாகச் சொன்னாள்: "பிள்ளைய அறையதுக்கு வந்துதுல்லா."

நான் அப்பாவிடம் பேசுவதை நிறுத்தியிருந்தேன். ஏதாவது கேட்டால் ம் மட்டும்தான்.

தை கடைசியில், உங்க பையனைக் கூட்டிவாங்க, பூவைப் பார்க்கட்டும் என்று அந்த அம்மா சொல்லியனுப்பினார். பாத்தி முழுக்கப் பூ. ஒரே பொட்டலத்து விதையில் சிவப்பு, ரோஸ், வெள்ளை, கத்தரிப்பூ நிறம் எல்லாம் வந்திருந்தது. ஐந்து இதழ், நடுவில் கண்போல ஒரு வட்டம், கீழே ஊசியளவு மெல்லிய குழல். தொட்டால் தண்டு பிசுபிசுத்தது. லேசாக இழுத்தேன். பச்சைக் கிண்ணத்தை விட்டுப் பூ மட்டும் கழன்று கையோடு வந்துவிட்டது. இதை நாரில் கட்டித் தலையில் வைக்க முடியாது. வாசனையும் சொல்லும்படி இல்லை. பார்ப்பதற்கு மட்டுமே ஒரு பூ என்பது எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்படாத சங்கதி. "இனிமே உங்கப்பா இங்கேதான்" என்றார் அந்த அம்மா. அப்பா தள்ளி நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பூவைப் பார்த்தேன்.

திரும்பும் வழியில் அளம் திறந்திருந்தது. கூட வேலை பார்த்த ஒருவர் வரப்பில் நின்று கூப்பிட்டார். "என்ன அண்ணாச்சி, பூக்காரர் ஆயிட்டியளாமே? எங்களுக்கும் ரெண்டு முழம் கொண்டாங்க." அப்பா சிரித்துக் கையை ஆட்டினார். போன வருடத்து உப்பின் வெள்ளைக் குவியல்கள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன.

கொஞ்ச தூரம் நடந்ததும், "பூ நல்லாருக்காலே?" என்று கேட்டார்.

"ம்."

இன்னும் பத்தடி நடந்திருப்போம். என் தோளில் கையை வைக்க வந்து, வைக்காமல் எடுத்துக்கொண்டார். "நெசமாத்தான் கேக்கேன். நல்லாருக்கா?"

"இருக்கு" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன். தினமும் தன் கண்ணாலேயே பார்க்கிற பூவைப் பற்றி என்னிடம் ஏன் இரண்டு தரம் கேட்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.