யூசெப் என்று எழுதிய பெயர்

கனடாவின் ஸ்காபரோவில், மல்வேர்ன் பகுதியில் யூஜினியை வாயாடி என்றுதான் சொல்வார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் இறங்குவதற்குள் அவருடைய பேரப்பிள்ளைகளின் வயதுவரை கேட்டு முடித்துவிடுவாள். மன்னாரில் பிறந்தவள். கொழும்பில் நேர்ஸ் படிப்பை முடித்து, இருபத்திநாலு வயதில் தெஹ்ரானில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனாள். பிறகு கனடாவுக்கு வந்தபோது அந்தப் படிப்பு இங்கே செல்லாது என்றுவிட்டார்கள். ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டவும் உடுப்பு மாற்றவும்தான் விட்டார்கள். அதற்கும் அவள் முகம் கோணவில்லை. இவ்வளவு கதைக்கிற மனுசி தெஹ்ரானைப் பற்றிக் கேட்டால் மட்டும் "நல்ல குளிர், சுடச்சுட நல்ல பாண்" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவாள்.

1996ஆம் ஆண்டு கோடை தொடங்கும் நேரத்தில் மஹீன் ஹானும் அந்த இல்லத்துக்கு வந்தார். ஹானும் என்பது ஈரானியர் பெண்களின் பெயரோடு சேர்த்துச் சொல்லும் மரியாதைச் சொல். எழுபத்திரண்டு வயது, இடுப்பு முறிந்தவர், ஆங்கிலம் இரண்டு வார்த்தைக்கு மேல் வராது. யூஜினி பாரசீகத்தில் சுகம் விசாரித்ததும் அவளுடைய கையைப் பிடித்தவர் விடவேயில்லை. அன்றிலிருந்து அவரைப் பார்க்கும் வேலை யூஜினியுடையதாயிற்று.

வந்த மூன்றாம் வாரம், யூஜினி அவருக்குத் தலை வாரிக்கொண்டிருக்கும்போது, மேசையில் இருந்த படத்தை மஹீன் ஹானும் காட்டினார். மெல்லிய மீசை, சற்றே விலகிய முன்பற்கள், பத்தொன்பது வயது.

"என் மகன் பெஹ்ரூஸ். சதுக்கத்தில் சுட்டார்களே, அந்த வெள்ளிக்கிழமை வீட்டைவிட்டுப் போனவன். ஐந்து ஆஸ்பத்திரி ஏறி இறங்கினேன். ஒன்றில் உன்னைப்போல ஒரு வெளிநாட்டுப் பெண் இருந்தாள். இந்தப் படத்தைப் பார்த்தாள். புத்தகத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே தேடினாள். இல்லை என்றாள். நல்ல பெண், எனக்குத் தண்ணீர்கூடத் தந்தாள். ஆஸ்பத்திரியில் இல்லையென்றால் தப்பி எங்கேயோ போயிருக்கிறான் என்றுதானே அர்த்தம்? தெஹ்ரான் வீட்டை விற்கச் சொல்லித் தம்பியின் மகன் அரிக்கிறான். விற்கமாட்டேன். பெஹ்ரூஸ் வந்தால் எங்கே போவான்?"

யூஜினியின் கையிலிருந்த சீப்பு நின்றுவிட்டது. அந்தப் பற்களை அவள் மறக்கவில்லை.

1978ஆம் ஆண்டு, செப்ரெம்பர் மாதம். அரசர் நாட்டைவிட்டுப் போகவேண்டும் என்று தெஹ்ரான் முழுவதும் தெருவில் இறங்கியிருந்தது. கடைகளை இழுத்து மூடியிருந்தார்கள். சந்திகளில் டயர் எரிந்தது. அந்த வெள்ளிக்கிழமை இராணுவம் சதுக்கத்தில் சுட்டது. மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் தரையில் கிடத்தினார்கள். வாசலில் இரத்தம் கொடுக்க வரிசை வீதியைத் தாண்டி நின்றது. வீட்டுப் பெண்கள் படுக்கை விரிப்புகளையும் ஐஸ் கட்டிகளையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். காயப்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டுபோக அரசரின் உளவுக்காரர்கள் வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே பெரிய டொக்டர் ஒரு கட்டளை போட்டார். யாருடைய உண்மைப் பெயரையும் எழுதக்கூடாது, குண்டுக் காயம் என்றும் எழுதக்கூடாது, யார் வந்து கேட்டாலும் இல்லை என்று சொல்லவேண்டும். அழுதுகொண்டு வரும் தாய்மாரையும் நம்பக்கூடாது, அப்படியும் ஆள் அனுப்புகிறார்கள் என்றார்.

வயிற்றில் குண்டு பட்ட ஒருவன் தன் பெயரைச் சொல்லும் நிலையில் இல்லை. இவன் பிழைக்கமாட்டான் என்று யூஜினிக்குப் பார்த்ததுமே தெரிந்தது. மன்னார்க் கத்தோலிக்கர் சாகக் கிடப்பவர்களுக்காகப் புனித சூசையப்பரைத்தான் மன்றாடுவார்கள், நல்ல மரணத்துக்குப் பாதுகாவலர் அவர். அந்தப் பெயரைப் பாரசீகத்தில் யூசெப் என்பார்கள். பதிவுப் புத்தகத்தில் 'யூசெப், வாகன விபத்து' என்று எழுதினாள்.

மறுநாள் ஒரு தாய் படத்தோடு வந்து நின்றாள். படத்தைக் கண்டதும் அது மாடியில் கிடக்கும் அந்தப் பையன்தான் என்று யூஜினிக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் கோட்டுப் போட்ட ஒருவன் பத்திரிகை பிடித்துக்கொண்டு நின்றான். யூஜினி விரலை வைத்துத் தேடுவதுபோலத் தேடிவிட்டு இல்லை என்றாள். டொக்டரைக் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். அந்தத் தாய் திரும்பி வரவேயில்லை. பையன் அடுத்த நாள் மத்தியானம் செத்துப்போனான். யூசெப் என்றே கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

ஜனவரியில் அரசர் விமானம் ஏறினார். நகரம் முழுக்கக் கார்கள் ஹோர்ன் அடித்தன. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஆஸ்பத்திரி வாசலில் யாரோ யூஜினியின் வாயில் இனிப்பை ஊட்டிவிட்டார்கள். அவளால் அதை விழுங்க முடியவில்லை.

அன்றிரவு வீட்டில் இதையெல்லாம் கேட்ட அவளுடைய கணவன் றெமிஜியஸ் தலையில் கை வைத்தான்.

"உந்தப் பழைய கதையை இப்ப ஏன் கிளறுறாய்? அந்த மனுசி பிள்ளை எங்கையோ உயிரோட இருக்கிறான் எண்டு நம்பிக்கொண்டே கண்ணை மூடட்டும். உனக்கும் வேலை மிஞ்சும்."

"இஞ்சருங்கோ, அந்த நம்பிக்கையைக் குடுத்தது ஆர்? நான்தானே. நான் இல்லையெண்டு சொல்லேக்க அவன் மேல மூண்டாம் மாடியில மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தவன். பதினெட்டு வருசமா ஒரு தாய் என்ர பொய்யை நம்பி வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கிறா."



அடுத்த நாள் காலை யூஜினி மஹீன் ஹானுமின் கட்டிலடியில் முழந்தாளிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் இரண்டே கேள்வி கேட்டார்.

"நான் வந்தபோது உயிரோடு இருந்தானா?"

"இருந்தார்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

மஹீன் ஹானும் கையை உருவிக்கொண்டார். அன்று மாலை, இந்தப் பெண் இனித் தன் அறைக்கு வரக்கூடாது என்று இல்லத்தில் சொல்லிவிட்டார். யூஜினி மூன்று மாதத்துக்கு மேல் அந்தக் கதவைக் குனிந்த தலையோடு கடந்தாள். பஸ்ஸிலும் அவளுடைய வாய் திறக்கவில்லை. சொன்னது பிழையோ என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். சொல்லாமல் இருந்திருக்க முடியாது என்றும் நினைத்தாள்.

ஒக்ரோபர் கடைசியில் மஹீன் ஹானும் கூப்பிட்டனுப்பினார். மடியில் ஒரு புதுப் படம் இருந்தது. யூஜினி சொன்ன பெயரையும் நாளையும் வைத்துத் தம்பியின் மகன் கல்லறையைக் கண்டுபிடித்திருந்தான். சின்னக் கல், அதில் ஒரேயொரு பெயர்.

"ஏன் யூசெப்?"

யூஜினி சூசையப்பரைப் பற்றிச் சொன்னாள். ஒவ்வொரு நவம்பரிலும் இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளுக்குக் கோயிலில் வாசிக்கக் கொடுக்கும் பட்டியலில், தன் தாய் தகப்பனுக்குக் கீழே அந்தப் பெயரையும் எழுதிக் கொடுப்பதைச் சொன்னாள். தேடி வந்த தாயையே தான் திருப்பி அனுப்பிவிட்டபடியால் தானாவது அவனை நினைக்கவேண்டும் என்று தோன்றியதாம்.

மஹீன் ஹானும் படத்திலிருந்த கல்லை விரலால் தடவினார்.

"அன்று எனக்குத் தண்ணீர் தந்தாய். அவனுக்குத் தந்தாயா?"

"வயிற்றில் காயம், குடிக்கக் கொடுக்கக்கூடாது. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். கடைசிவரை வைத்தேன்."

"அப்போது பக்கத்தில் இருந்தது நீயா?"

"நான்தான்."

"வீட்டை விற்கச் சொல்லிவிட்டேன்," என்றார் மஹீன் ஹானும். "கல்லில் பெஹ்ரூஸ் என்று வெட்டவும் சொல்லிவிட்டேன். யூசெப்பை அழிக்கவேண்டாம், அதற்கு மேலே வெட்டு என்றேன். இரண்டு நாள் அதுதானே அவனுடைய பெயர்."

பிறகு மேசையிலிருந்த சீப்பை எடுத்து யூஜினியிடம் நீட்டிவிட்டு, தலையைத் திருப்பிக் கொடுத்தார். யூஜினி வாய்விட்டு அழுதுகொண்டே வாரினாள்.