கேட்காமல் போன இரண்டாவது வாக்கியம்

ஆம்பூரை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு வேலை. வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் எழுதுவது என்றுதான் வேலைக்குச் சேர்ந்தேன். போன வருஷம் வியட்நாமிலிருந்து ஓர் அம்மாள் தையல் பிரிவுக்குப் பயிற்சி கொடுக்க வந்து சேர்ந்தார். அதிலிருந்து பாதி நாள் மெயிலை மூடி வைத்துவிட்டு அவர் பின்னாலேயே நடப்பதும் என் வேலையாகிவிட்டது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். ஆனால் அதில் நேற்று, இன்று, நாளை எல்லாம் ஒன்றுதான். லைனில் உட்கார்ந்து தைக்கும் பெண்களுக்குத் தெரிந்த ஆங்கிலம் மிஷின் பெயர்களோடு நின்றுவிடும். நடுவில் நான்.

அந்த அம்மாள் ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு. யார் மிஷின் பக்கத்திலாவது ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டால் மதிய மணி அடிக்கும்வரை எழுந்திருக்கமாட்டார். தையல் ஒரு நூல் அளவு விலகினாலும் முகம் சுருங்கிவிடும். "மிக மோசம். எல்லாம் பிரி" என்பார். நான் அதைத் தமிழில், "கொஞ்சம் பிரிச்சு மறுபடி தைச்சா இன்னும் நல்லா வரும்னு சொல்றாங்க" என்று சொல்வேன். அந்தப் பக்கமிருந்து, "இவங்களுக்கு வேற பொழப்பே இல்லியா" என்று பதில் வரும். அதை ஆங்கிலத்தில், "மறுபடி முயற்சி செய்கிறாளாம்" என்று கொண்டுபோய்க் கொடுப்பேன். இரண்டு பக்கமும் சந்தோஷம். பேச்சில் கல்லைப் பொறுக்கிவிட்டுப் பரிமாறுகிறோம் என்று எனக்கும் ஒரு பெருமை இருந்தது.

அந்த லைனில் பேரணாம்பட்டிலிருந்து வருகிற ஒருத்தி இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். கணவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். முதுகில் அடிபட்டு இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தார். அவள் சம்பளத்தில்தான் குடும்பம். எட்டு மாதத்தில் அந்த அம்மாளிடம் அதிகம் திட்டு வாங்கியவளும் அவள்தான், அதிகம் கற்றுக்கொண்டவளும் அவள்தான். திட்டு வாங்கியது அவளுக்கே தெரியாது. அது என் கைங்கரியம்.

அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக நான் செவ்வாய், புதன் இரண்டு நாள் லீவு போட்டேன். வேலூரில் ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில் டீ குடிக்கப் போனால் கடைக்காரர் வங்காளத்திலிருந்து வந்த குடும்பத்தோடு அவர்கள் மொழியிலேயே ரூம் வாடகை பேசிக்கொண்டிருந்தார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "படிக்கிறது இன்னா மேடம், இருபது வருஷமா நோயாளிங்க வர்றாங்க. அதுவா வந்துடும்" என்றார். எங்கள் கம்பெனியிலும் அப்படித்தான் எல்லாம் அதுவாக வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டே டீயைக் குடித்தேன்.

வியாழக்கிழமை காலை வேலைக்குப் போனேன். லைனில் பேரணாம்பட்டுக்காரியின் மிஷினில் வேறு யாரோ இருந்தார்கள். மாடியில் சாம்பிள் ரூமில் அந்த அம்மாள் ஒரு காலி மிஷினுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புது மாடல் ஷூக்களை முதன்முதலில் தைத்துப் பார்க்கிற இடம் அது. கை சுத்தமாக இருப்பவர்களைத்தான் அங்கே உட்காரவைப்பார்கள். சம்பளமும் ஜாஸ்தி.

"அவளை நான் கூப்பிட்டேன். அவள் சரி என்றாள். அவள் வரவில்லை. நேற்று இல்லை, இன்று இல்லை" என்றார். பிறகு, "அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை" என்றார்.

அவள் போனுக்கு அடித்தேன். சுவிட்ச் ஆஃப். ஆபீஸ் ரிஜிஸ்டரில் இருந்த கணவரின் நம்பரைப் பிடித்தேன்.

"அவ காலையிலயே டிபன் பாக்ஸ் எடுத்துக்கினு கிளம்பிட்டாளே மேடம். நேத்தும் வந்தா, இன்னிக்கும் வந்திருக்கா. இன்னா விஷயம்?"

"ஒண்ணுமில்லைங்க, வேற செக்ஷன்ல இருப்பாங்க, நான்தான் லீவுல இருந்தேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். கம்பெனி மதிலுக்குப் பின்னால் ரயில் பாதை போகிறது. அந்த நினைப்பை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கீழே லைனுக்கு ஓடினேன். அவளோடு தினமும் ஒரே கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண்ணிடம் கேட்டேன். முதலில் தெரியாது என்றாள். பிறகு மிஷினை நிறுத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அவளைத்தான் வேலைய விட்டு எடுத்துட்டாங்களே மேடம். உங்களுக்குத் தெரியாதா?"

"யார் எடுத்தது?"

"வியட்நாம் அக்காதான். செவ்வாக்கிழமை சாயந்தரம், அவங்க பாஷையில பேசினா போன் தமிழ்ல மாத்திச் சொல்லுமே, அதுல சொன்னாங்க. நாளையிலேர்ந்து நீ தேவையில்லன்னு. அதுக்குள்ள பஸ் மணி அடிச்சிடுச்சு. அவ ஒரு வார்த்தை பேசல. தலையாட்டிட்டு, உட்கார்ற மெத்தைத் துணிய எடுத்துக்கினு போய்ட்டா."

வீட்டில் சொல்லப் பயந்து, தெருக்கோடியில் பீடி சுற்றும் ஒரு சிநேகிதி வீட்டில் பகலெல்லாம் உட்கார்ந்துவிட்டு, கம்பெனி பஸ் வருகிற நேரத்துக்கு வீடு திரும்புகிறாள் என்றும் சொன்னாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. உயிரோடு இருக்கிறாள். மற்றதைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

மாடிக்கு வந்து அந்த அம்மாளிடம் சொன்னேன். அவருக்குப் புரியவே சிறிது நேரம் ஆயிற்று. புரிந்ததும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நான் போகிறேன். இப்போது" என்றார். மேனேஜர் கம்பெனி காரைக் கொடுத்தார். பேரணாம்பட்டு போய்ச் சேரும்வரை அந்த அம்மாள் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

சிநேகிதியின் வீடு மசூதிக்குப் பின் சந்தில் இருந்தது. மடியில் முறத்தை வைத்துப் பீடி இலை நறுக்கிக்கொண்டிருந்த அந்தப் பெண் எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"அவ இங்க இல்ல. ரெண்டு நாளாப் பேஜாராக் கிடக்கிறா. இன்னும் இன்னா பண்ணணும் அவளை?"

இல்லை என்பதையும் கிடக்கிறாள் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டதை அவளும் கவனித்திருக்க வேண்டும். முறத்தைக் கீழே வைத்தாள். அதற்குள் அந்த அம்மாள் வாசலில் நின்றபடி தன் மொழியிலேயே உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். போனை எடுக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. உள் அறையிலிருந்து பேரணாம்பட்டுக்காரி வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"இன்னா மேடம், சொன்னது பத்தாதுன்னு இட்டுக்கினு வந்தீங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

நான் அந்த அம்மாளிடம் போனை வாங்கினேன். மொழிபெயர்த்ததெல்லாம் அதில் பதிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை சாயந்தரம் இரண்டு வரி. முதல் வரி, 'நாளை முதல் நீ இங்கே தேவையில்லை.' இரண்டாவது வரி, 'மேலே மாதிரி அறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்.'

இரண்டையும் உரக்கப் படித்தேன்.

"மாதிரி அறையா? அப்படின்னா?" என்றாள்.

"சாம்பிள் ரூம். உன்னைச் சாம்பிள் ரூமுக்குக் கூப்பிட்டிருக்காங்க. கீழ வேணாம், மேல வான்னு. நீ முதல் வரியோட எழுந்து போய்ட்டே."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மணி அடிச்சுது. எனக்குக் காதே கேக்கல மேடம்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க இருந்தா அவங்க அன்பாத்தான் பேசுவாங்க. அதான், நீங்க இல்லாத நாளாப் பாத்து மனசுல இருக்கிறதைச் சொல்லிட்டாங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

அது எனக்கு உறைத்தது. எட்டு மாதமாக அந்த அம்மாளின் வாயில் நான் வைத்த பேச்சைத்தான் அவள் அவர் பேச்சு என்று நம்பியிருந்தாள். போன் முதல்முறையாக ஒன்றையும் பூசாமல் பேசியதும், அதுதான் உண்மை முகம் என்று நினைத்துவிட்டாள். அந்த அம்மாளுக்கும் அதே கதி. தலையாட்டியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். மெத்தைத் துணியை எடுத்ததைப் பார்த்து, மாடிக்குத்தான் எடுத்துப் போகிறாள் என்று நினைத்தாராம்.

நடந்ததை அந்த அம்மாளுக்குச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி வேறு. "போன் அவளை எப்படிக் கூப்பிட்டது?"

"நீ என்று."

அவர் தலையை அசைத்து மறுத்தார். தங்கள் மொழியில் நீ, நான் என்று சும்மா பேசுவதில்லை என்று அந்த அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினார். வயதைப் பார்த்து அக்கா, தங்கை, அத்தை என்றுதான் பேச்சே. அவளை அவர் கூப்பிட்டது 'எம்' என்று. தம்பி தங்கைக்குச் சொல்கிற சொல். தங்கச்சி இனிமேல் கீழே வேண்டாம், மேலே அக்கா பக்கத்தில் வந்து உட்காரட்டும். அவர் சொன்னது அதுதான்.

நான் இதை ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல் தமிழில் சொன்னேன். பேரணாம்பட்டுக்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நாங்களும் அவங்களை அக்கான்னுதானே சொல்றோம். வியட்நாம் அக்கான்னு. நீங்கதான் மேடம் மேடம்னு மாத்திச் சொல்லுவீங்க" என்றாள்.

வாஸ்தவம். ஆங்கிலத்துக்குப் போகும்போது அக்காவை நான் மேடமாக்கினேன். அந்தப் பக்கமிருந்து வந்த தங்கச்சியோ ஆங்கிலத்துக்கு வருகிறபோதே உதிர்ந்துபோயிருக்கிறாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்த ஆங்கிலத்துக்கும் எனக்கும்தான் அது எட்டவில்லை.

"அவங்க பாஷையில அக்காவுக்கு இன்னா?" என்று சிநேகிதி கேட்டாள். அந்த அம்மாளிடம் கேட்டுச் சொன்னேன்.

"சீ."

சிநேகிதிதான் முதலில் சிரித்தாள். முறம் கவிழ்ந்து இலையெல்லாம் சிதறியது. பேரணாம்பட்டுக்காரி அழுதுகொண்டே சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் அந்த அம்மாளும் சிரித்தார். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று நான் விளக்கியதும், வாயைப் பொத்திக்கொண்டு, "வேண்டாம், அக்கா நல்லது" என்றார்.

சிநேகிதி எல்லாருக்கும் டீ போட்டாள். அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து சிதறிய இலைகளைப் பொறுக்கி அளவு வாரியாக அடுக்கிக் கொடுத்தார். சும்மா இருக்கத் தெரியாத கை.

கிளம்பும்முன் பேரணாம்பட்டுக்காரி போனை ஆன் பண்ணிக் கணவரைக் கூப்பிட்டாள். நான் கூப்பிட்டதிலிருந்தே அவர் சந்தேகப்பட்டு, முதுகு வலியோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்றிருக்கிறார். "இங்கதான் இருக்கேன்யா. சாம்பிள் ரூம்ல போட்டிருக்காங்க. வீட்டுக்குப் போய்ப் படு" என்றாள். இரண்டு நாளை எப்படிச் சொல்லப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை. போகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் காரை நிறுத்தி அவரை ஏற்றிக்கொண்டு வீட்டில் இறக்கிவிட்டோம். அப்போது அவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "நீ என்னாண்ட சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். அதை ஏனோ நான் அந்த அம்மாளுக்கு மொழிபெயர்த்தேன்.

அதன் பிறகு நான் எதையும் பூசி மெழுகுவதில்லை. மோசம் என்றால் மோசம் என்றே சொல்கிறேன். அவளும் சாம்பிள் ரூமில் பதிலுக்கு நன்றாகவே வாதாடுகிறாள். பாதி விஷயத்துக்கு என்னைக் கூப்பிடுவதுமில்லை. தோலைத் திருப்பிப் பிடித்து, நூலை இழுத்து, தலையை ஆட்டி அவர்களே முடித்துக்கொள்கிறார்கள். தேங்கிக் கிடந்த மெயில்களுக்கெல்லாம் இப்போது பதில் எழுதிவிட்டேன்.

இதெல்லாம் நடந்த அந்த வாரம் ஞாயிறு, சர்ச் ஆராதனையில் பிரசங்கம் தொடங்கியதுமே களைப்பில் தூங்கிப்போய்விட்டேன். அம்மா முழங்கையால் இடித்தாள். கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த அப்பா, "விடு, தூங்கட்டும்" என்றார்.