செகண்ட்ஸ் சட்டம் என்னுடையது

எட்டாம் வகுப்பை முடிக்காதவன் நான். அப்படிப்பட்டவன் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் ஊரில், பாம்பும் வேலிக்காத்தானும் மட்டும் குடியிருந்த காட்டில் ஒரு பனியன் கம்பெனி. கரண்ட் போனாலும் மெஷின் நிற்காமலிருக்க, பழைய லாரி எஞ்சினைக் கழற்றி நானே பொருத்திய ஜெனரேட்டர். கொத்தனார் கோபித்துக்கொண்டு போன பிறகு நானே கரண்டி பிடித்துப் பூசி முடித்த மாடி வீடு. அப்புறம் மூன்று ராஜ்ஜியம், ஓர் ஆறு, ஏழு வாயுள்ள ஓர் அரக்கன், அவனோடு சண்டை போடுவதற்கான சட்டதிட்டம். கடைசியில் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். கம்பெனி கட்டியவர்கள் திருப்பூரில் சந்துக்குச் சந்து இருக்கிறார்கள். உலகம் கட்டியவன் நான் ஒருவன்தான்.

பெட்டியைக் கொண்டுவந்தது என் மகள். கோயமுத்தூரில் டிசைன் படித்துவிட்டு எங்கள் கம்பெனிக்கே வேலைக்கு வந்தாள். பெட்டிக்குள் பல முகம் கொண்ட பகடைகளும், தலையணை கனத்துக்கு ஓர் இங்கிலீஷ் புத்தகமும் இருந்தன. விளையாட்டு இதுதான்: ஒருவர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரக்காரியாகவோ மாறி, நான் இதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். நடத்துகிறவரை மாஸ்டர் என்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாது. சாம்பிள் ரூம் கட்டிங் டேபிளில் சாக்பீஸால் மலையும் காடும் வரைந்து உட்கார்ந்தார்கள். மகள்தான் மாஸ்டர். விளையாட வந்தவர்கள் எங்கள் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தம்பியும் என் மச்சினனும். தம்பிக்குத் தூத்துக்குடி. மச்சினன், என் மனைவியின் சித்தப்பா மகன், பக்கத்திலேயே, துணியை ஆவியில் அழுத்திச் சுருங்காமல் ஆக்கித் தரும் காம்பாக்டிங் கம்பெனி வைத்திருப்பவர். கதையில் பனிமலை வந்தது, தாடி வைத்த குள்ளர்கள் வந்தார்கள். மச்சினன் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். நாங்கள் பனியைப் பார்த்ததெல்லாம் பிரிட்ஜுக்குள்தானே.

"கண்ணு, இத நம்மூருக்கு ஆல்ட்ரேசன் பண்ணோணும்" என்றேன்.

"அப்ப நீங்களே உக்காந்து நடத்துங்கப்பா" என்றாள், கேலியாகத்தான்.

உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடம் எழுந்திருக்கவில்லை.

பனிமலையை அழித்துவிட்டு ஓர் ஆறு வைத்தேன். அதன் நிறம் தினமும் மாறும். நீலம் ஓடினால் மேற்கே அரக்கன் தூங்குகிறான். சிவப்பு ஓடினால் ஏதோ ஊரை விழுங்கியிருக்கிறான். கறுப்பு ஓடினால் இருப்பதை விட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். எங்கள் ஊர் ஆற்றில் சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடிய காலத்தில், அதைப் பார்த்தே வெளிநாட்டுக்காரன் எந்தக் கலருக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறான் என்று சொன்னவர்கள் நாங்கள். அந்தத் தலையணைப் புத்தகத்தை எழுதியவனுக்கு இது வருமா?

என் பெரிய வேலை அடுத்தது. ஒரு ஞாயிறு, தூத்துக்குடித் தம்பி எறிந்த பகடை ஒன்றுகூட விழவில்லை. மத்தியானம் முழுக்க வாளை வீசிக்கொண்டே இருந்தார், அரக்கன் மேல் ஒரு கீறல் இல்லை.

"மொதலாளி, என் வாளுக்கு அரக்கன் மேல பாசம் வந்துட்டு. நான் சும்மா ஓரமா இருக்கேன்" என்றார்.

என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஓட்டை விழுந்த பனியனை எந்தத் திருப்பூர்க்காரனாவது குப்பையில் போடுவானா? செகண்ட்ஸ் என்று ஒதுக்கி வைப்பான். அதற்கும் சந்தை உண்டு, போட்டுக்கொள்ள உடம்பும் உண்டு. தையல் டப்பாவிலிருந்து பட்டன்களை அள்ளி மேசையில் கொட்டினேன். இனிமேல் பகடை தவறினால் ஒரு பட்டன் கிடைக்கும். சேர்த்து வைத்துக்கொண்டு, பிற்பாடு பகடையே போடாமல் ஒரு காரியம் முடிக்கலாம். அடுத்தவருக்கும் கொடுக்கலாம். பெரிய காரியத்துக்குக் கை நிறைய வேண்டும். இதுதான் செகண்ட்ஸ் சட்டம்.

"அப்பா, நெசமாலுமே நல்லாருக்குதுங்கப்பா" என்றாள் மகள். இங்கிலீஷ் புத்தகத்தை முழுக்கப் படித்தவள் சொன்னது அது.

என் மனைவி அப்போதெல்லாம் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, வாசலோரத் துணி ரோல் மேல் உட்கார்ந்து மொச்சை உரிப்பாள். கேட்கிறாளா இல்லையா என்றுகூட நான் பார்த்ததில்லை.

பல்லடத்தில் பங்காளி வீட்டுக் காதுகுத்து வந்தது. இந்த வாரம் ஆட்டம் கிடையாது என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டுத்தான் போனேன். மனைவிக்கு முழங்கால் வலி, வரவில்லை. விருந்து முடிந்து மத்தியானமே திரும்பினால், சாம்பிள் ரூம் வாசலில் செருப்புகள். உள்ளே சிரிப்பு. என் நாற்காலியில் என் மனைவி.

பரிசல்காரி ஒருத்தியை அவளாகவே கதைக்குள் கொண்டுவந்திருந்தாள். என் ஆற்றில், என்னைக் கேட்காமல். குரலை இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டிருந்தாள்: "அக்கரையில கொண்டுபோயி விடறனுங்க சாமி. கூலி வேண்டாம். ஆளுக்கொரு பொய் சொல்லிப்போட்டு ஏறுங்க. நம்பறாப்பல இருக்கோணும்."

என் மேசையில் இரண்டு வருடம் கொட்டாவி விட்ட மச்சினன் எழுந்து நின்று, மார்பைத் தட்டிச் சொன்னார்: "எங்கக்கா வூட்டுக்காரருக்கு நான் ஒருநாளும் பயந்ததில்லீங்க!"

"இது நம்பறாப்பல இல்லீங்களே. வேறொண்ணு சொல்லுங்க" என்றாள் பரிசல்காரி.

தூத்துக்குடித் தம்பி மேசையைக் குத்திக் குத்திச் சிரித்தார். நான் வாசலில் தாம்பூலப் பையோடு நிற்கிறேன்.

"மாப்ளே, நான் வந்துட்டேன்" என்றேன்.

"சித்தெ பொட்டாட்ட, பேசாம இருங்க மச்சான், பரிசலு கெளம்பற நேரம்" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

எல்லாரும் போன பிறகு மனைவியிடம் கேட்டேன்: "ஏம்புள்ள, என்ற சேர்ல எதுக்கு உக்கோந்தே?"

"புள்ளைங்க சொல்லாம கொள்ளாம வந்து நின்னுட்டாங்க. டீ ஆறற வரைக்கும் எதாச்சும் பேசலாம்னு ஆரம்பிச்சனுங்க."

"டீ ஆறிருச்சா?"

"யாரும் குடிக்கவே இல்லீங்க."

என் மேசையில் டீ மீந்ததே கிடையாது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான், ஒரு வாரம் அவள் என்று ஆயிற்று. என் வாரத்தில் மச்சினனுக்குப் பாய்லர் ரிப்பேர் ஆகும். அவள் வாரத்தில் முதல் ஆளாக வந்து மேசையைத் துடைத்து வைப்பார். அவள் அப்படி என்ன செய்கிறாள் என்று உற்றுப் பார்த்தேன். ஒன்றுமே செய்வதில்லை. "நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். நான் கேட்டதில்லை. கேட்டால் வேலை நடக்காது. எந்தச் சூப்பர்வைசர் டெய்லரிடம் போய், உனக்கு எந்தப் பக்கம் தைக்கப் பிரியம் என்று கேட்கிறான்? ஆனாலும் அவளைப் போல நானும் குரல் மாற்றிப் பார்த்தேன். "மொதலாளி, தொண்டைக்கு ஏதும் சொகமில்லையா?" என்று கேட்டார் தம்பி.

அவர்கள் பேச்செல்லாம் பரிசல்காரி பற்றித்தான். வேலை நாளில்கூட, சாம்பிள் கையில் வைத்துக்கொண்டு, பரிசல்காரி என்ன சொன்னாள் தெரியுமா என்று தொடங்குவார்கள். என் அரக்கனுக்கு ஏழு வாய் இருந்தும் அவனைப் பற்றிப் பேச ஒரு வாய் இல்லை.

என் முறை வந்தது. ஆற்றில் கறுப்பு வெள்ளம் விட்டேன். பரிசல் கவிழ்ந்தது, பரிசல்காரி போய்ச் சேர்ந்தாள்.

"அப்பா, வெள்ளம் அரக்கனுக்குக் கோவம் வந்து வந்துதுங்களா, உங்களுக்குக் கோவம் வந்து வந்துதுங்களா?" என்றாள் மகள்.

"அடுத்த ஆள் பகடைய எடுங்க" என்றேன். ஆறு என்னுடையது. அதில் வெள்ளம் வரக் கூடாதா?

மறுவாரம் மனைவியின் முறை. நான் அவள் உட்காரும் துணி ரோல் மேல் உட்கார்ந்து, இப்போது என்ன செய்வாள் பார்ப்போம் என்று காத்திருந்தேன். அவள் வெள்ளத்தைக் குறை சொல்லவில்லை, இல்லை என்று மாற்றவும் இல்லை. "பரிசல்காரி இல்லீங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

தம்பி தன் பட்டன் டப்பாவை அப்படியே மேசையில் கவிழ்த்தார். "அம்மா, நான் தோத்தது பூரா இதுல கெடக்கு. அந்தம்மாவக் கரைக்கு இழுக்க இது காணுமா?"

"காணாதுங்க" என்றாள் என் மனைவி.

மகள் தன்னுடையதைக் கொட்டினாள். மச்சினன் சட்டைப் பையைத் தலைகீழாகத் தட்டினார். என் மனைவி அத்தனையையும் இரண்டு கையாலும் தன் பக்கம் வாரி, அவற்றின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "கறுப்புத் தண்ணிக்குள்ள ஒரு கை தெரியுதுங்க."

மச்சினன் கண்ணைத் துடைத்தார். என் கண்ணும் நனைந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சட்டம் என்னுடையது. ஒருவன் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதே என்று வைத்தேன். செத்தவளைக் கூட்டிவர அது உதவும் என்பது எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது. என் வெள்ளத்தை என் பட்டனை வைத்தே வடித்துவிட்டாள். வெளியே வரும்போது தம்பி சொல்லிக்கொண்டு போகிறார்: "அம்மாவோட செகண்ட்ஸ் சட்டம் இருக்கே, அது ஒண்ணு போதும்!"

இப்போது கோயமுத்தூரில் ஒரு மண்டபத்தில் இந்த மாதிரி ஆட்டக்காரர்கள் கூடுகிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் வந்து உட்கார்ந்து ஆடலாம். எங்கள் ஆட்டத்துக்கும் ஒரு மேசை கிடைத்திருக்கிறது. மகள் போஸ்டர் தயார் செய்து காட்டினாள். உலகம், சட்டம், நடத்துபவர் மூன்றுக்கும் எதிரே பெரிய எழுத்தில் என் மனைவி பெயர். அடியில், பொடி எழுத்தில், மேசை உபயம் என்று என் பெயர். கோயில் டியூப்லைட்டில் எழுதுவார்களே, அந்த உபயம்.

"கண்ணு, செகண்ட்ஸ் சட்டம் யாரு வெச்சது?"

"நீங்கதானுங்கப்பா. ஆனா அது ஓடுனது அம்மா நடத்துனப்பத்தானே?"

"மெஷினச் செஞ்சவன் ஒருத்தன், ஓட்டறவன் ஒருத்தன். ரெண்டு பேருக்கும் பேரு வேணும்."

மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "எம்பேர எடுத்துப்போட்டு அப்பா பேரையே போட்டுரு கண்ணு. எனக்கென்னத்துக்கு?"

அவ்வளவு லேசாகக் கொடுக்கிறாள். நான் ராத்திரியெல்லாம் புரண்டு கேட்பது அவளுக்கு வேண்டாத பொருள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவள் விட்டுக்கொடுத்து வருகிற பெயர் எனக்கு வேண்டாம்.

போஸ்டர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. ஆகையால் வீட்டிலும் மேசையிலும் இருக்கிற எல்லாரிடமும் எழுத்தில் கேட்கிறேன். நடத்துபவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருக்கட்டும். அவள் நடத்தும்போதுதான் என் ஆறு எவ்வளவு ஆழம் என்று எனக்கே தெரிந்தது. இதை எழுதிவிட்டேன், வாயால் சொல்லச் சொல்லாதீர்கள். உலகத்துக்கும் சட்டத்துக்கும் எதிரே என் பெயர் வர வேண்டும், அவள் பெயர் எந்த அளவோ அந்த அளவில். உபயம் என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும். கோயமுத்தூர் மேசையில் முதல் பட்டனைக் கொடுக்கும்போது, இந்தச் சட்டத்தை யார் வைத்தது என்று ஆட வந்தவர்களிடம் என் மனைவி சொல்ல வேண்டும். பரிசல்காரி குரலில் அல்ல, அவளுடைய சொந்தக் குரலில்.