செவ்வாய்க்கிழமைச் சவரம்

எங்கள் தொழிலில் செவ்வாய்க்கிழமை விடுமுறை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கும் சாலையில் என் சலூன் இருக்கிறது. ஒரு திங்கள்கிழமை மாலை, அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர் கடை வாசலில் வந்து நின்றார். அவரும் அவருடைய கணவரும் ஊருக்கு வெளியே, பழைய கோழித்தீவனக் குடோன் ஒன்றில், வீடற்றவர்களுக்கு இல்லம் நடத்திக்கொண்டிருந்தார்கள். கணவர் அதே வளாகத்தில் இருந்த சின்னச் சபைக்குப் போதகர்.

“ஏனுங்க தம்பி, நாளைக்கு உங்களுக்கு லீவுதானுங்களே? எங்ககிட்ட இருக்கறவங்களுக்கு முடி வெட்டி உட ஆள் கிடைக்கலீங்க. கேட்ட கடையில எல்லாம் சங்கடப்படறாங்க.”

எனக்கும் சங்கடம்தான். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல வரவில்லை. ஒரே ஒரு நாள் போய்விட்டு வந்துவிடலாம் என்று போனேன்.

அன்று கடைசியாக என் முன்னால் உட்கார்ந்தவரைத்தான் சொல்ல வேண்டும். பேருந்து நிலையக் கழிப்பறைக்குப் பின்னால் கிடந்தவரை முந்தின வாரம் தூக்கி வந்திருந்தார்கள். தலைமுடி சடை சடையாகத் திரண்டு தோளோடு ஒட்டிக் கிடந்தது. தாடிக்குள் வாய் இருக்கும் இடமே தெரியவில்லை. பேச்சு இல்லை. “தாத்தா, கொஞ்சம் குனிங்க” என்று சொல்லிச் சொல்லித்தான் வெட்டினேன். மிஷின் ஓடவில்லை. கத்திரியால் கொத்துக் கொத்தாக எடுக்க வேண்டியிருந்தது. இடது காதுக்குப் பின்னால் விரல் நீளத்துக்கு ஒரு பழைய தழும்பு. சோப்பு நுரை போட்டுத் தாடியை வழித்து முடித்தபோது, என் வயதுள்ள ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரமாக நான் தாத்தா என்று கூப்பிட்டது அவரைத்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் போனேன். பிறகு நிற்கவில்லை. நான் போகும்போது அவர் எனக்கு முன்பாகவே நாற்காலியைத் துடைத்து வேப்பமரத்தடியில் போட்டு வைத்திருப்பார். வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் நடக்க முடியாதவர்களைத் தாங்கிக் கூட்டி வந்து உட்கார வைப்பதும், வெட்டிய முடியைக் கூட்டி அள்ளுவதும் அவர்தான்.

இல்லத்துக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த கவுண்டருக்கு அந்த இல்லமே ஆகாது. “கிறுக்குப் புடிச்சவங்கள எல்லாம் கொண்டாந்து ஊருக்குள்ள அடைக்கறாங்க. அப்பறம் மதம் மாத்துவாங்க” என்று ஊராட்சியில் எழுதியே கொடுத்திருந்தார். மழைக்காலத்தில் ஒரு நாள் அவருடைய அப்பா வீட்டை விட்டு இறங்கி நடந்து போய்விட்டார். நினைவு தப்பிப்போன மனிதர். மகன் இரண்டு நாட்கள் திருச்செங்கோடு வரை தேடினார். பெரியவரோ ஒரு சுவருக்கு இந்தப் பக்கம், இல்லத்தில் இருந்தார். அடுத்தவர் கையால் ஊட்டினால்தான் சாப்பிடுவார். அக்கா ஊட்டினால் துப்பினார். பேசாத அந்த மனிதர் ஊட்டினால் மட்டும் வாயைத் திறந்தார். செய்தி கிடைத்து ஓடி வந்த கவுண்டர், வாசலிலேயே நின்று, தன் அப்பா இன்னொருவர் கையிலிருந்து சோறு வாங்கிக்கொள்வதைப் பார்த்தார். மறுநாள் காலை ஒரு அட்டை முட்டை வந்தது. அதன் பிறகு தினமும் வந்தது. பட்டறைக்காரர்கள் மிச்சமான இரும்பு ஆங்கிளில் கட்டில் அடித்துக் கொடுத்ததும், சபைக்கே வராத வீடுகளிலிருந்து பெண்கள் காய் நறுக்க வந்ததும் அதற்குப் பிறகுதான்.

சவரம் செய்த முகத்தை நான் என் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். வண்டிக்குப் பாடி கட்ட வந்து நாள்கணக்கில் காத்திருக்கும் டிரைவர்கள் என் கடையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். படம் குஜராத்துக்கும் அஸ்ஸாமுக்கும் போய் வந்தது. கடைசியில் ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில், மாவு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் டிரைவரின் போனைப் பிடுங்கிப் பார்த்தாராம். “இவரு எங்க ஊரு ஆளுங்க. செத்துட்டாருன்னு காரியமே பண்ணியாச்சே!”

இரண்டு மணி நேரப் பேருந்து தூரம்.

ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடும் வேலைக்கு வடக்கே போனவர். அங்கே குழாய் விழுந்து தலையில் அடிபட்டிருக்கிறது. ஊருக்குத் திரும்பும் வழியில் ரயிலிலிருந்து எங்கோ இறங்கிப் போய்விட்டார். மூன்று வருடம் தேடிவிட்டு, சொந்தக்காரர்களே கூடி அவர் மனைவியின் தாலியை எடுக்க வைத்திருக்கிறார்கள்.

அக்கா அவர் மனைவியோடு வீடியோவில் பேச ஏற்பாடு செய்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். வெறும் நெற்றியோடு ஒரு பெண் திரையில் வந்தார். “என்னாங்க... என்னாங்க...” என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். இவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆள்காட்டி விரலை மெதுவாகக் கொண்டுபோய், திரையில் அந்த அம்மாளின் நெற்றியில், பொட்டு இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார். அவருடைய விரல் பட்டு அழைப்பு துண்டித்துப் போனது.

மறுபடி கூப்பிட்டபோது அந்த அம்மாள் அக்காவிடம் மட்டும் பேசினார். “அம்மா, பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம். அப்பா இல்லாத பொண்ணுன்னு சொல்லித்தான் பேசி முடிச்சுது. இப்ப இப்பிடி இருக்காருன்னு தெரிஞ்சா அவங்க என்னா சொல்வாங்களோ. பொண்ணுக்கே இன்னும் சொல்லலைங்க. கல்யாணம் முடிஞ்ச மறுநாளு நானே வந்து கூட்டிட்டுப் போயிடறேன். அது வரைக்கும் பாத்துக்கோங்கம்மா.”

“பாத்துக்கறமுங்க. நீங்க நெனச்சு நெனச்சு ஒடம்பக் கெடுத்துக்காதீங்க” என்றார் அக்கா. எனக்கு மனசு ஆறவில்லை. வெளியே வந்து, “என்னங்க்கா இது, உசுரோட இருக்கற மனுசன...” என்று ஆரம்பித்தேன். அக்கா என்னை முடிக்கவிடவில்லை. “அந்தம்மா எடத்துல நின்னு பாருங்க தம்பி. அப்பறம் பேசலாம்.”

கல்யாணத்துக்கு நான்கு நாட்கள் இருக்கும்போது அவர் போய்விட்டார். நுரையீரல் ஏற்கெனவே கெட்டிருந்தது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் காலையில் முடிந்தது.

அக்கா போன் செய்தபோது அந்தப் பக்கம் பந்தல் போடுகிற சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாளின் குரல் மிகச் சன்னமாக வந்தது. “நான் இப்ப வந்தா கல்யாணம் நின்னுடும்மா. வாய் உட்டு அழக்கூட முடியல. ஊடு பூரா ஜனம். நீங்களே... நீங்களே பண்ணிடுங்க.”

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க வேண்டியதையெல்லாம் அக்கா முடித்துக்கொண்டு வந்தார். போதகர் என் பக்கம் திரும்பினார். “எங்க ஜெபத்துல தெனமும் வந்து உக்காருவாருங்க. ஆனா அவரு எங்க சபையில சேரல. அவங்க முறைப்படி அனுப்பறதுதான் நாயம். உங்களுக்கு அந்த முறை தெரியுமுங்களா?”

தெரியும். என் அப்பா மூன்று ஊருக்கு அந்த வேலையைச் செய்தவர். எந்த நேரத்தில் ஆள் வந்தாலும் இழவு வீட்டுக்குப் போய், வாசலில் தள்ளி நின்று, முடிந்தபின் கொடுத்ததை மடியில் வாங்கி வருவார். அவரை வயதில் சின்னவர்கள்கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் டவுனுக்கு ஓடி வந்து சலூன் வைத்தேன். இருபது வருடத்துக்கு மேல் ஒரு சாவுக்கும் நான் கத்தி எடுத்ததில்லை. எவ்வளவு பெரிய மனிதர்கள் ஆள் அனுப்பியும் போகவில்லை.

“நானே செய்யறேனுங்க” என்றேன். யாரும் ஆள் விட்டு அழைத்து நான் போகவில்லை. அது மட்டும் எனக்குப் போதுமாக இருந்தது.

கடைசி முறையாக அவருக்கு முகம் வழித்தேன். குளிர்ந்த தோலில் கத்தி வேறு மாதிரி ஓடும். காதுக்குப் பின்னால் இருந்த தழும்பைச் சுற்றி மெதுவாக வழித்தேன். அக்கா பக்கத்தில் நின்று வெந்நீர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஊர் மயானத்தில் இடம் கொடுக்கச் சிலர் தயங்கினார்கள். “யாரு எவருன்னு தெரியாத ஆளுங்க” என்றார்கள். கோழிப்பண்ணைக் கவுண்டர் டிராக்டரோடு வந்துவிட்டார். “எனக்குத் தெரியும். எங்கப்பனுக்குச் சோறு ஊட்டுனவன். சாட்சிக்கு நான் ஒரு ஆளு போதுமா, இன்னும் சொல்லணுமா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு குழி வெட்ட இடம் காட்டினார்கள். மகன் தூக்க வேண்டிய கொள்ளிச்சட்டியைத் தூக்க ஆள் இல்லாததால் நானே தூக்கினேன். போதகர் தூரத்தில் தலை குனிந்து நின்றார்.

கல்யாணம் முடிந்த மறுநாள், சொன்னபடியே, அந்த அம்மாள் வந்தார். கையில் கல்யாண வீட்டுப் பலகாரப் பை இருந்தது. புதைத்த மேடு இன்னும் காய்ந்திருக்கவில்லை. அதன் பக்கத்தில் உட்கார்ந்து அஞ்சு நாள் அழுகையையும் அழுதார். எழுந்து வந்து, “யாருங்க பண்ணது?” என்று கேட்டார்.

“நாந்தானுங்க.”

“மூஞ்சி எப்பிடி இருந்துது?”

“சுத்தமா இருந்துச்சுங்க. தூங்கற மாதிரி.”

என் காலில் விழப் போனார். நான் பதறிப் பின்னால் நகர்ந்துவிட்டேன். நான் அவரைப் பற்றி நினைத்ததும் பேச ஆரம்பித்ததும் எனக்கும் அக்காவுக்கும்தான் தெரியும்.

இப்போது அவர் மாதம் ஒரு முறை ஆத்தூரிலிருந்து பேருந்து ஏறி வருகிறார். பெண்களோடு உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார், பாத்திரம் துலக்குகிறார். அன்றைக்குப் புதிதாக யாரையாவது தூக்கி வந்தால் முதலில் குளிப்பாட்டப் போவது அவர்தான். பேரன் பிறந்துவிட்டான். அப்பாவைப் பற்றி மகளுக்கு இன்னும் தெரியாது.

போன வாரம் அவர் சோறு பரிமாறிக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருப்பாள் போல. அந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைத்து, சபையின் சிலுவையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

“கோயிலுக்கு வந்திருக்கேம்மா. சாயங்காலம் வந்துடறேன்” என்றார்.