கடப்பாறையில் மூன்று தட்டு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் உள்ளங்கை பொய் சொல்லாது. மணி ஒன்றாகிறது, அம்மா தூங்கிவிட்டாள். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சத்தியவேட்டை ஆந்திராவோடு சேர்த்து இரண்டு மாதம் ஆகிறது. வறண்ட ஏரிக்கு அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க சர்வேக்காரர்கள் வந்தார்கள். குழியில் வெடி வைப்பார்கள். மண்ணில் பதித்த பன்னிரண்டு கருவிகள் அந்த அதிர்வைக் கேட்டுக் காகிதத்தில் கோடு போடும். நாங்கள் அவற்றைக் 'காது' என்போம். ஏழாவது காதுக்கு நான் காவல். வெடிக்கும்வரை அசையக் கூடாது.

வெடி வைப்பவர் திருவேங்கடம் மாமா. என் நைனாவோடு கிணறு வெட்டியவர். கிணற்றில் வெடிக்கு முன் மேலே இருப்பவர் கடப்பாறையால் மூன்று தட்டு தட்டுவார். கீழே ஆள் இருந்தால் இரண்டு தட்டு பதில் வரும். ஏரிக்கு அடியில் யார் இருக்கப்போகிறார்கள்? ஆனாலும் கை பழக்கம், மாமா தட்டினார்.

சாயங்காலம் ஐந்து பத்து.

டங்... டங்... டங்...

என் கை மண்ணில் இருந்தது. அடியிலிருந்து வந்தது.

டொம்ம்... டக்.

ஒன்று பலமாக, ஒன்று தளர்ந்து. நைனாவுக்குத் தோளில் பழைய அடி. அவர் தட்டு அப்படித்தான் விழும். ஆனால் நைனா கங்காதர நெல்லூரில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம்.

"வாணாம் மாமா. கீழ ஆளு கீது."

மாமா சிரித்தார். "ஏரிக்கு அடியில எவன் கெடக்கறான் ஜெயம்மா, உங்க நைனாவா?"

என்ஜினியர் தெலுங்கில் அதட்டினார். வெடிக்கச் சொல்லிக் கை காட்டினார்.

மறுபடியும்...

டொம்ம்... டக்.

வெடித்தது.

காகிதத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு கோட்டிலும் வெடிக்கு முன்னால் இரண்டு குத்து. என்ஜினியர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் உமாபதி வந்தார். நைனாவோடு வேலைக்குப் போனவர். கிணறு இடிந்து நைனா செத்துப்போனதைச் சொன்னார். அம்மா உள்ளே அழுதுகொண்டிருந்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"முந்தாநேத்து சாயங்காலம், ஐஞ்சு பத்து இருக்கும் பாப்பா. நாங்க ஏறிட்டோம். அவரு மட்டும் கீழ. பாறைக்குள்ளருந்து மூணு தட்டு கேட்டுச்சு. அவரு சிரிச்சிக்கினே ரெண்டு தட்னாரு. எவன்டா அதுன்னு இன்னொரு வாட்டி தட்னாரு..."

அன்று அவர்களிடம் வெடியே இல்லை.

நைனாவின் துண்டைக் கொடுத்தார்.

வெடிமருந்து வாசனை.