சித்தி திருப்பாத நாலு முட்டை

என் சித்தியின் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பதினான்கு வருடமாகக் கோழிக்குஞ்சு பொரிக்கிற பண்ணையில் வேலை. ஒரு கைக்கு ஐந்து முட்டை என்று தூக்குவாள், ஒன்றோடொன்று உரசுகிற சத்தம்கூட வராது. அங்கே ஆள் உயரப் பெட்டிகளில் முட்டைகள் வெதுவெதுப்பாக அடுக்கியிருக்கும். அவற்றை அடிக்கடி திருப்பிவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருக்கிற கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். பெரிய பெட்டிகளை மோட்டாரே சாய்த்துவிடும். வாத்து முட்டை வைக்கிற பழைய பெட்டிக்கு மட்டும் மோட்டார் கிடையாது. அதற்கு மோட்டார் என் சித்திதான்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மேசைமேல் எலுமிச்சம்பழம் கிடந்தால் போகிற போக்கில் ஒரு திருப்பு திருப்பிவிட்டுத்தான் போவாள். பெட்டிகளின் விசிறிச் சத்தத்தில் அவளுக்கு இடது காது பாதிதான் கேட்கும். சித்தப்பா வில்லங்கமான விஷயங்களை எல்லாம் அந்தப் பக்கம் நின்றுதான் சொல்வார். பிறகு "அப்பவே சொன்னேனே" என்று சாதிக்கலாம் பாருங்கள்.

பின்பக்கத் தோட்டத்துக் குளத்தை மூடப்போகிற விஷயத்தையும் அப்படித்தான் சொன்னார்.

குளம் என்பது கொஞ்சம் மரியாதையான சொல். முன்பு குடியிருந்தவர்கள் வண்ண மீன் வளர்க்கத் தோண்டிய பள்ளம், இரண்டு கட்டில் போடுகிற அகலம். மீன்கள் போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று. சித்தி அதில் அல்லி வளர்த்தாள். சித்தப்பா வீடு வீடாகக் கேஸ் சிலிண்டர் போடுகிறவர், சொந்தமாக ஒரு சின்ன வேன் வைத்திருக்கிறார். தெருவில் நிறுத்தினால் யாராவது கீறிவிடுகிறார்கள். அதன் கண்ணாடித் தூசியில் 'என்னைக் குளிப்பாட்ட ஆளில்லையா' என்று விரலால் எழுதியது யார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. நானும் சொல்வதாக இல்லை. ஆக, குளத்தை மண் போட்டு மூடி, வேனை உள்ளே கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பது அவர் திட்டம்.

அந்தச் சமயத்தில்தான் ஆமைகள் வந்தன. தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. மழைத்தண்ணீர் வெளியேற விட்டிருந்த ஓட்டை வழியாக இரண்டு உள்ளே நுழைந்துவிட்டன. ஒருநாள் காலையில் சித்தப்பா குளத்தோரம் ஒரு கல்லில் காலை வைத்துச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். கல் நடந்தது. அவர் ஒற்றைக் காலில் நொண்டியடித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்ததை நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். எங்கள் வீடு பக்கத்து வீடுதான். அன்றைக்கு எனக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை.

இரண்டு முறை அவர் ஆமைகளை வாளியில் போட்டு, வேனில் ஏற்றி, வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவந்தார். முதல் முறை நாலு நாளிலும் அடுத்த முறை மூன்றே நாளிலும் திரும்பி வந்துவிட்டன. "வழி பழகிடுச்சுங்க" என்றாள் சித்தி. பெரியதற்கு அவள் மேனேஜர் என்று பெயர் வைத்தாள். வேலையைப் பற்றி ஏதாவது கேட்டால் உடனே கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்ளுமாம், பண்ணை மேனேஜர் மாதிரியே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வேன் சக்கரத்துக்கு வழி பண்ணக் குளக்கரையை மண்வெட்டியால் வெட்டினார். மூன்றாவது வெட்டில் மஞ்சளாக ஏதோ வழிந்தது. சித்தி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மண்ணுக்குள் பதின்மூன்று முட்டைகள். வெள்ளையாக, கட்டைவிரல் நீளத்தில். இரண்டு உடைந்துவிட்டன. மேனேஜர் முட்டையிட்டிருக்கிறார், அதாவது இட்டிருக்கிறாள்.

மீதிப் பதினொன்றையும் சித்தி பிளாஸ்டிக் டிரேயில் ஈரமணல் போட்டு எடுத்துவந்து, வெயில் படும் ஜன்னலுக்குக் கீழே வைத்தாள். நான் பொரிக்கவைக்கிறேன், அதுவரை குளத்தில் கை வைக்காதீர்கள் என்றாள். சித்தப்பாவுக்குச் சிரிப்பு. இந்த முறை நல்ல காதின் பக்கமே வந்து சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணு பொரிஞ்சாக்கூடப் போதும், குளத்துப் பக்கமே வரமாட்டேன். பொரியலன்னா மண்ணு வந்துடும். சரியா?"

"சரி. இருபத்தோரு நாள் பொறுங்க."

கோழிக்கு இருபத்தொன்று. அவளுக்குத் தெரிந்த கணக்கு அதுதான்.

மதிய ஷிப்டுக்குக் கிளம்பும்போது, வந்துதான் திருப்பிவிட வேண்டும், நீ ஒன்றையும் தொடாதே என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். நான் எங்கே தொட்டேன்? பென்சில்தான் தொட்டது. மணலில் கிடந்தபடியே ஒன்றுக்கு முறுக்கு மீசை, ஒன்றுக்குக் கண்ணாடி, ஒன்றுக்கு அழுமூஞ்சி, ஒன்றுக்கு ஈ என்று இளிக்கிற பல் வரைந்தேன். ஐந்தாவதை ஆரம்பிப்பதற்குள் அம்மா கூப்பிட்டுவிட்டாள்.

சாயங்காலம் சித்தி வந்து பார்த்தாள். முதுகில் ஒன்று விழும் என்று தயாராக நின்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்ப ஆரம்பித்தாள். வெறும் முட்டை ஏழும் திரும்பின. மீசைக்காரனிடம் வந்ததும் கை நின்றது. தொட்டாள், எடுத்தாள், இருந்தபடியே வைத்துவிட்டாள்.

"ஏன் சித்தி?"

"மூஞ்சிய மண்ணுல குப்புறப் போட்டா மூச்சு முட்டாதாடி?"

கிண்டலாகச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், தெருவெல்லாம் போய்ச் சொன்னேன். சித்தப்பாவுக்கு அல்வா கிடைத்த மாதிரி. லட்சக்கணக்கில் முட்டையைக் கவிழ்த்தவளுக்கு இப்போது என்ன கருணை என்று கேட்டார். அதுக்கெல்லாம் மூஞ்சி இல்லையே என்றாள் சித்தி. தினமும் மூன்று வேளை ஏழு முட்டை திரும்பும், நாலு முட்டை மேலே பார்த்துக்கொண்டு கிடக்கும். மணல் காய்ந்தால் கையால் தண்ணீர் தெளிப்பாள், அழுமூஞ்சி மேல் மட்டும் படாமல்.

இருபத்தோராம் நாள் லீவு போட்டுவிட்டு டிரே பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு முட்டையும் அசையவில்லை. மறுநாளும் இல்லை. சித்தப்பா சாப்பிட வந்தபோது, ஊருக்கே குழாய் பதிக்கிறார்கள், பிரதான சாலையில் தோண்டுகிற மண்ணை டிப்பர் லாரிக்காரர் சும்மாவே கொண்டுவந்து கொட்டுகிறேன் என்கிறார், பள்ளம் நம் தெருமுனையைத் தாண்டுவதற்குள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொன்னார். அதில் குத்தல்கூட இல்லை. தோற்றவளிடம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். அதுதான் எனக்கே பொறுக்கவில்லை.

அவர் போனதும் சித்தி சாமான் அறை ஜன்னலில் போர்வையைக் கட்டச் சொன்னாள். பண்ணையில் இருட்டறையில் முட்டைக்குப் பின்னால் வெளிச்சம் அடித்து உள்ளே பார்ப்பார்கள். என் கையில் டார்ச்சைக் கொடுத்து, அதன் வாயில் அட்டையைச் சுருட்டிவைத்து, ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தாள். முதல் ஏழும் சேறு மாதிரிக் கலங்கலாக இருந்தன. மீசைக்காரனை நிமிர்ந்தபடியே தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். உள்ளே சிவப்பு நூல்கள், வேர் மாதிரி பிரிந்து பிரிந்து. நடுவே ஒரு புள்ளி துடித்தது. கண்ணாடிக்காரனும் அப்படியே. அழுமூஞ்சி, பல்லிளிப்பான், நாலும் உயிரோடு.

நான் குதித்தேன். சித்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"திருப்புனதெல்லாம் செத்துருக்கு. திருப்பாததெல்லாம் இருக்கு. ஏழையும் நானேதான்டி..."

வாய்க்கு வந்த வேடிக்கை ஒன்றை முழுங்கிவிட்டு டார்ச்சை அணைத்தேன். பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். கோழிக்குப் பண்ணுகிறதை ஆமைக்குப் பண்ணியது தப்பு, மண்ணுக்குள் புதைத்துவிட்டுப் போகிற ஆமை எங்கே வந்து திருப்பும், யோசித்திருக்க வேண்டாமா என்று தன்னையே திட்டினாள். ஏழையும் எலுமிச்சை மரத்தடியில் குழி தோண்டி வைத்தாள்.

சாயங்காலமே சித்தப்பாவிடம் நேராகப் போனாள். நாலு முட்டை உயிரோடு இருக்கிறது, கோழிக் கெடு இதற்குச் செல்லாது என்றாள். இருபத்தொன்று என்று சொன்னது நீதானே என்றார் அவர். ஆமாம், தெரியாமல் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டாள். அவர் எதிர்பார்த்தது சண்டையை. ஒப்புக்கொண்டுவிட்டால் மனிதர் என்னதான் செய்வார்? பள்ளம் தெருமுனைக்கு வருகிற வரை, அதற்குமேல் ஒரு நாளும் இல்லை என்றார்.

அதற்குப் பிறகுதான் சித்தியின் நிஜமான கஷ்டம் ஆரம்பித்தது. முட்டை இருக்கிறது, திருப்பக் கூடாது. பதினான்கு வருடக் கை அது. டிரே பக்கம் போனாலே விரல்கள் தானாக விரிந்துவிடும். கடைசியில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்பில் நிறுத்திவைத்த பிள்ளை மாதிரி நின்று குனிந்து பார்ப்பாள். அப்படி நின்ற அனுபவம் எனக்கு நிறைய உண்டு, அவள் என்னைவிட ஒழுங்காக நின்றாள். நான் தினமும் சைக்கிளில் போய்ப் பள்ளம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்து வந்தேன். மருந்துக்கடை, பிறகு பள்ளிக்கூட வாசல், அப்புறம் சலூன். ஒருநாள் தோண்டுகிறவர்களின் அளவுக் கயிற்றை நான் ஒளித்துவைத்ததில் அரைநாள் கிடைத்தது. சித்தி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். அதிலெல்லாம் அவள் ரொம்பக் கறார்.

அறுபத்துமூன்றாம் நாள் காலையில் டிப்பர் வந்துவிட்டது. பின்னோக்கி வந்து, கீக் கீக் என்று கத்திக்கொண்டே தோட்டத்து வாசலில் நின்றது. சித்தப்பா கதவை அகலத் திறந்துவிட்டு, வழிகாட்டக் கையை உயர்த்தினார். சித்தி வீட்டுக்குள்ளிருந்து ஓடிவரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் டிரே பக்கத்தில், கையைப் பின்னால் கட்டியபடி அசையாமல் நிற்கிறாள். கண்ணாடிக்காரனின் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. அந்த ஓட்டை வழியாக ஒரு மூக்கு.

"அவர வரச் சொல்லு. சத்தம் போடாம."

சித்தப்பா வந்தார். பின்னாடியே டிப்பர்காரர், அவருக்குப் பின்னால் பள்ளம் தோண்டுகிற நாலு பேர், என் அம்மா. எல்லோரும் ஜன்னலடியில் குந்திக்கொண்டோம். ஒரு கால் வெளியே வந்தது. முன்பல் மாதிரி மூக்குமேல் ஒரு முள், அதைக்கொண்டு முட்டையோட்டை உள்ளிருந்தே அறுத்தது. ஊசிமுனை அளவு நகங்கள் மணலைப் பிறாண்டின. அரைமணி நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. முழுசாக வெளியே வந்து நின்றபோது அது ஒரு பழைய நாணயத்தின் அளவு, முதுகில் இன்னும் ஓட்டுத்துண்டு ஒன்று.

டிப்பர்காரர்தான் முதலில் வாய் திறந்தார்.

"அண்ணே, இத வச்சுக்கிட்டு நான் எப்படிண்ணே மண்ணக் கொட்றது?"

சித்தப்பா எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "கொட்டச் சொன்னது யாரு? திருப்பிக் கொண்டு போங்க" என்றார். பிறகு சித்தியின் இடது காதுப் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். 'என்ன?' என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டது என்று முகம் சொன்னது.

மற்ற மூன்றும் மறுநாளுக்குள் வந்துவிட்டன. மீசைக்காரன்தான் கடைசி. உடனே குளத்தில் விட்டுவிடலாம் என்று நான் துடித்தேன். சித்தி ஒரு குஞ்சின் வயிற்றைத் திருப்பிக் காட்டினாள், மஞ்சள் கரு இன்னும் ஒரு பொட்டு வெளியே இருந்தது. அது உள்ளே போகிற வரை குஞ்சைத் தொந்தரவு பண்ணக் கூடாது, இந்த விஷயத்தில் கோழியும் ஆமையும் ஒன்றுதான் என்றாள். இந்த முறை அவளுக்குத் தெரிந்தது சரியாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் கரையிலிருந்து ஒரு முழம் தள்ளி நாலையும் மண்ணில் இறக்கிவிட்டாள். தண்ணீரைத் தானே தேடிப் போகட்டும் என்றாள். மூன்று விறுவிறு என்று போய் அல்லி இலைக்கடியில் மறைந்தன. எங்கிருந்தோ மேனேஜரின் தலை மேலே வந்து பார்த்துவிட்டுப் போனது. நாலாவது பாதி வழியில் நின்று கழுத்தை இழுத்துக்கொண்டது.

சித்தப்பாவுக்கு டெலிவரி நேரம். வேன் தெருவில் சிலிண்டர்களோடு நிற்கிறது, போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் கிளம்புங்கள், அது போகிற நேரத்துக்குத்தான் போகும் என்றாள் சித்தி. அவர் அசையவில்லை. லேசாக ஒரு தள்ளு தள்ளட்டுமா என்று கேட்டார். "கையப் பின்னால கட்டுங்க" என்றாள். கட்டிக்கொண்டார்.

இருபது நிமிடம் கழித்து அது தலையை நீட்டியது, நடந்தது, ஒரு சின்னச் சத்தத்தோடு தண்ணீரில் விழுந்தது. சித்தி இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினாள். அவ்வளவு உயரம் அவள் கை போகும் என்று எனக்குத் தெரியாது. சித்தப்பா போனை எடுத்து, "வந்துட்டேன்மா, உங்க தெருமுனைலதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, குளத்தோரம் இன்னும் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.